மின்சாரத்தின் கணக்குப் புத்தகம்

திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் என்னும் சிற்றூரைக் கூட்டுறவாளர் அறிவர். நாட்டின் முதற் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டில் பதிவு பெற்றது அவ்வூரில்தான். அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்னர், 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து தம் பண்டகசாலையைத் தொடங்கினர். வரவு செலவுக் கணக்கை அடிக்கடி அங்கத்தினர் முன் வைத்தல் வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளுள் ஒன்று. நம் சங்கங்கள் யாவும் அவ்விதியின் வழி வந்தவையே. பேரேடு பூட்டிக் கிடந்தால் சங்கம் நெடுநாள் நில்லாது என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

தறி ஓட்டுவோர்க்கும் இறவைப் பாசனம் செய்வோர்க்கும் இன்றியமையாத மற்றொரு கணக்கு உண்டு. அது மின்சாரக் கணக்கு. எந்த நிலையத்தை மூடுவது, எதனைப் புதிதாக எழுப்புவது, அதற்கு எத்தனை கோடி, அதனை யார் தாங்குவது என்னும் வினாக்களுக்கு விடை கூறும் அக்கணக்கும் எவரும் புரட்டிப் பார்க்கத்தக்க புத்தகமாக இருத்தல் வேண்டும் என்று உலகெங்கும் ஒரு சாரார் கூட்டாக உழைத்து வருகின்றனர். அவர்களது முயற்சியை அங்கத்தினர்க்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராயபுரம் முதல் அத்திப்பட்டு வரை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அங்கிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் திருவொற்றியூர், அதனையடுத்து எண்ணூர். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் எந்திரம் 1970இல் ஓடத் தொடங்கிற்று. 450 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையம் 47 ஆண்டுகள் உழைத்து, 2017 மார்ச்சு இறுதியில் ஓய்வு பெற்றது. கொற்றலை ஆற்றின் கழிமுகத்தைக் கடந்தால் அத்திப்பட்டு. அங்கே வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்கள் 1,830 மெகாவாட். அருகில் வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். வட சென்னையின் மூன்றாம் கட்டமாகிய 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. இவற்றுக்கு வேண்டிய நிலக்கரியின் பெரும்பகுதி ஒடிசா சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி, 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. அத்துறைமுகம் இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இந்நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கேனும் சாம்பலாகும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. 200 கிராமுக்கு மேல் சாம்பல் மிஞ்சுகிறது. விசைத்தறியாளர்க்கு இரு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023 மார்ச்சில் 1,000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அந்த 1,000 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வருவதாகக் கொண்டால், ஒரு தறிக்கூடத்துக்காக எங்கோ 200 கிலோவுக்கு மேற்பட்ட சாம்பல் கொட்டப்படுகிறது. அந்த ‘எங்கோ’ எண்ணூர்க் கழிமுகத்துக்கு அருகில்தான் இருக்கிறது. சாம்பற் குழாய்கள் கசிந்து உப்பங்கழியில் சாம்பல் படிந்ததும், காட்டுக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களின் இறால் பாடு கெட்டதும், வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் யாவரும் அறிந்த செய்திகள்.

ஆகவே, மூடிய நிலையத்துக்கு ஈடாக இனி என்ன செய்வது என்பது எளிய வினா அன்று. மற்றுமொரு நிலக்கரி நிலையமா, தென் மாவட்டத்துக் காற்றாலைகளா, கூரைதோறும் சூரியத் தகடுகளா, மின்கல அடுக்குகளா? எதனைத் தேர்ந்தாலும் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவாகும். அதன் பலனும் பாரமும் 30 ஆண்டுகள் தொடரும்.

மாதிரிக் கணக்கு என்பது யாது?

இத்தகைய முடிவுகளை எடுக்க வல்லுநர் ‘எரிசக்தி மாதிரி’ ஒன்றைக் கணிப்பொறியில் அமைக்கின்றனர். நெசவாளர்க்கு இது புதியதன்று. சேலையின் கரையையும் முந்தியையும் தறியில் ஏற்றுமுன் கட்டத்தாளில் வரைந்து பார்க்கிறோம். எந்தக் கட்டத்தில் எந்த நூல் எழவேண்டும் என்பது அங்கேயே முடிவாகிறது. தாளில் பிழை தெரிந்தால் அழித்து எழுதலாம். பாவு ஓடியபின் தெரிந்தால் நட்டம்.

மின்சார மாதிரியின் கட்டத்தாளில் ஓராண்டின் 8,760 மணி நேரமும் 8,760 கட்டங்களாகின்றன. ஒவ்வொரு மணிக்கும் நாடு கேட்கும் மின்சாரம் எவ்வளவு, அதனை எந்தெந்த நிலையம் கொடுக்க இயலும், எந்தக் கம்பி எவ்வளவு சுமக்கும், எரிபொருளின் விலை என்ன என்பனவற்றை எழுதி, தேவை முழுவதையும் மிகக் குறைந்த செலவில் நிறைவேற்றும் வழி எதுவெனக் கணிப்பொறியை வினவுகின்றனர். தமிழ்நாட்டில் காற்று மே முதல் செப்டம்பர் வரை மிகுதியாக வீசும்; மார்கழியில் அடங்கும். சூரியன் மாலையில் மறைந்தபின்னரே வீடுகளில் விளக்குகள் எரியும். 2024 மே 2ஆம் நாள் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய நாளுக்கும் ஈடுகொடுக்கவேண்டும். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் மிகுதியான மின்சாரத்தைக் கொண்டு நீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை பெறுகின்றனர். இத்தகைய சேமிப்பு இன்னும் எத்தனை வேண்டும் என்பதையும் அம்மாதிரியே சொல்லும்.

பூட்டிய பேரேட்டின் தீங்கு

இக்கணக்கு எவ்வளவு நுட்பமாயினும், இடுகின்ற எண்ணைப் பொறுத்தே விடை அமையும். நிலக்கரியின் விலையைச் சற்றுக் குறைத்து எழுதினால் நிலக்கரியே சிறந்தது என வரும். மின்கலத்தின் விலையைச் சற்றுக் குறைத்தால் வேறு விடை வரும். நெடுங்காலமாக இம்மாதிரிகள் பெரும்பாலும் விலைக்கு வாங்கும் மென்பொருள்களிலும், வெளியார் காணவியலாத நிரல்களிலும் அடங்கிக் கிடந்தன. முடிவு மட்டும் அச்சாகி வரும். அதற்கு வந்த வழியைக் கேட்பார்க்கு விடை கிடைப்பது அரிது.

பூட்டிய கணக்கில் பெரியோரும் பிழை செய்வர் என்பதற்கு வேறு துறையிலிருந்து ஒரு சான்று கூறுவோம். 2010ஆம் ஆண்டு பேராசிரியர் இருவர், அரசின் கடன் ஓர் அளவைக் கடந்தால் நாட்டின் வளர்ச்சி குன்றும் என்று எழுதினர். பல நாட்டு அமைச்சர்கள் அதனை மேற்கோள் காட்டிச் செலவைக் குறைத்தனர். அவர்களது அட்டவணையைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்த தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர், சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகள் தவறுதலாக விடுபட்டதை 2013இல் கண்டறிந்தார். அந்த அட்டவணை கைக்கு வரும்வரை அப்பிழை எவர் கண்ணிலும் படவில்லை.

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. பம்பு செட்டுகளுக்கு வழங்கும் மின்சாரம் பல மாநிலங்களில் மீட்டரால் அளக்கப்படாமல் மதிப்பீடாகவே எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மீட்டர் இல்லாதவை. மதிப்பீடு மிகையாகுமானால், கம்பியில் வீணாவதும் களவு போவதும் உழவனின் பெயரில் பற்றெழுதப்படும். மகாராஷ்டிரத்தில் மின் ஒழுங்குமுறை ஆணையம் 2000ஆம் ஆண்டுக் கட்டண விசாரணையில் இக்கணக்கைத் திறந்து பார்த்தது. விவசாயத்தின் பெயரால் எழுதப்பட்டதில் பெரும்பங்கு உண்மையில் வழியிழப்பே என்றும், அவ்விழப்பு 30 விழுக்காட்டையும் தாண்டியது என்றும் தெரியவந்தது. அதுவரை உழவன் மீது சுமத்தப்பட்ட பழியின் ஒரு பகுதி அன்றுதான் இறங்கிற்று.

கூட்டாக எழுதும் புத்தகம்

கணிப்பொறி நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்னும் இயக்கத்தை ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் தொடங்கினார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் அவ்வழியில் வளர்ந்தது. இவ்வகையினவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்த மூல மென்பொருள் என்றும் வழங்குகிறோம். சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழு பல்லாண்டுகளாகக் கூடி வருகின்றது. 2012 முதல் ‘கணியம்’ இதழ் இவற்றைத் தமிழில் எழுதி வருகின்றது.

இந்நெறி எரிசக்திக் கணக்குக்கும் வந்தது. ‘ஒசெமோசிஸ்’ என்னும் மாதிரியை மார்க் ஹவெல்ஸ் முதலியோர் உருவாக்கி, 2011இல் அதனை விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். அதன் நிரல் முழுவதும் விளக்கத்துடன் ஐந்து பக்கத்துள் அடங்கியது. விலையுயர்ந்த மென்பொருளை வாங்க இயலாத ஏழை நாடுகளின் அலுவலரும் மாணவரும் கற்கவேண்டும் என்பதே அதன் குறிக்கோள். 2014இல் பெர்லின் நகரில் இத்துறையினர் கூடி ‘ஓப்பன்மாட்’ எனப்படும் திறந்த எரிசக்தி மாதிரிக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தனர். பிராங்பர்ட்டில் டாம் பிரவுன் முதலியோர் தொடங்கிய ‘பைப்சா’ இன்று பல நாடுகளில் வழங்குகிறது. அதனின்று கிளைத்த ‘பைப்சா-எர்த்’ ஆப்பிரிக்காவில் தொடங்கி உலக முழுமைக்கும் விரிந்தது. இதற்கான மின்கம்பி வரைபடத்தைக் கொடுப்பது, 2004இல் பிறந்து தொண்டர்களால் வரையப்படும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’. தம் ஊர்க் கோபுரக் கம்பத்தை ஒரு மாணவர் அதில் சரியாகக் குறித்தால் அது அம்மாதிரியிலும் சேரக்கூடும்.

நம் நாட்டில் புனே நகரத்துப் ‘பிரயாஸ்’ நிறுவனத்தின் எரிசக்திக் குழு இவ்வழியில் முன்னிற்கிறது. மேற்கூறிய மகாராஷ்டிர விசாரணையிலும் பங்குகொண்டது அக்குழுவே. அது அமைத்த ‘ரூமி’ என்னும் திறந்த மூல மாதிரி 2021இல் வெளிவந்தது. வீட்டு நுகர்வை நகரம், கிராமம் எனவும், செலவு செய்யும் வசதிக்கேற்பவும் பகுத்து, விளக்கு, விசிறி, அடுப்பு என அடியிலிருந்தே தேவையைக் கூட்டி எழுதுவது அதன் சிறப்பு. ஏழை வீட்டின் நுகர்வு செல்வர் வீட்டுச் சராசரியில் மறைந்துபோவதில்லை.

இக்குழுக்கள் வேலை செய்யும் முறையும் நம் சங்க நடைமுறையை ஒத்தது. ஒருவர் திருத்தம் ஒன்றை முன்மொழிவார், மற்றவர் ஆராய்வர், சரியெனக் கண்டபின் சேர்ப்பர். யார், எந்நாளில், எதனை, ஏன் மாற்றினார் என்பது நீங்காமல் பதிவாகியிருக்கும். நிருவாகக் குழுவின் தீர்மானப் புத்தகமும் தணிக்கைக் குறிப்பும் ஒன்றாய் அமைந்தாற்போல்வது அது.

எண்ணூர்க்கு ஒரு பத்தி

இதனால் எண்ணூர்க்கு விளையும் பயன் யாது? மாதிரி என்பது எழுதப்பட்ட செலவை மட்டுமே கூட்டும். நிலக்கரியின் விலைக்கும் கப்பற் கூலிக்கும் பத்திகள் இருக்கும். உப்பங்கழியில் படிந்த சாம்பலுக்கும், இறால் குறைந்த மீனவர் வீட்டுக்கும், மூச்சு வாங்கும் முதியோர்க்கும் பத்தி இல்லாவிடில் அவை சுழியமாகவே கொள்ளப்படும். நிலக்கரி மின்சாரம் மலிவு என்னும் கூற்றின் ஒரு பகுதி, இவ்வாறு எழுதாமல் விட்ட பத்திகளால் வந்த மலிவு. கணக்கு திறந்திருப்பின், “எங்கள் பத்தி எங்கே?” என்று எண்ணூரார் கேட்கலாம்; பத்தியைச் சேர்த்துக் கணக்கை மீண்டும் ஓட்டியும் காட்டலாம். அதன்பின்னும் நிலக்கரி வேண்டும் என்றே விடை வரக்கூடும். வந்தாலும், எவர் எவ்வளவு கொடுத்து நாம் மின்சாரம் பெறுகிறோம் என்பதேனும் யாவர்க்கும் தெரிந்திருக்கும்.

சில எச்சரிக்கைகள்

திறந்த கணக்கெல்லாம் சரியான கணக்கு ஆகிவிடாது. பேரேட்டை மேசைமேல் வைத்தாலும் படிப்பார் இல்லையேல் பயனில்லை. பொதுக்கூட்டத்துக்கு வாராத அங்கத்தினரால் சங்கம் சீர்கெட்ட கதைகள் நமக்குத் தெரியும். இம்மாதிரிகளைப் பேணுவோருட் பலர் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைப்பவர். நிதியோ பெரும்பாலும் மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வருகின்றது. விளக்க நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. நிரல் திறந்திருந்தும், மீட்டரும் தரவும் இல்லையேல் பம்பு செட்டுக் கணக்கு மதிப்பீடாகவே நிற்கும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் தன் தறிக்கூடத்திலும் கிணற்றடியிலும் மின்சாரம் எந்நேரம் வந்தது, எந்நேரம் நின்றது, எவ்வளவு செலவாயிற்று என்பதை ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதிவரலாம். உண்மைத் தரவு அங்கேதான் பிறக்கிறது. இரண்டாவதாக, அங்கத்தினர் வீட்டில் கணிதமும் கணிப்பொறியும் கற்ற பிள்ளைகள் பலர் உளர். அவர்களுள் ஒருவரேனும் இம்மாதிரிகளைப் பழகித் தமிழில் விளக்கி எழுதுவாராயின் அது பெருந்தொண்டு. மூன்றாவதாக, கட்டணம் உயர்த்துமுன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் அவ்வாறு கேட்டது. அத்தகைய கூட்டங்களில் கட்டணத்தைக் குறைக்க வேண்டுவதோடு நில்லாமல், “இந்த எண்ணுக்கு எவ்வாறு வந்தீர்கள்? கணக்கைக் காட்டுங்கள்” என்றும் கேட்கப் பழகுவோமாக.

திரூரில் 1904இல் கூடிய உழவர், தம் சிறு தொகைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று நம்பினர். ஆண்டுதோறும் பல்லாயிரம் கோடி ரூபாய் புழங்கும் மின்சாரத்துக்கும் அவ்வுரிமையை நாம் கேட்பது அவர்கள் காட்டிய வழியே ஆகும்.