தெருவில் ஒலித்த குறள்

‘தெருக்குறள்’ என்னும் பெயரைக் கேட்டதும் எனக்குச் சினமே மூண்டது. வள்ளுவர் நூலின் பெயரோடு தெருவைப் பிணைத்தல் முறையோ? அரக்கோணத்து இளங்கவிஞர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 2019 இல் வெளியிட்ட ராப் இசைத்தொகுப்பு அது. சாதிக் கொடுமையைச் சாடுவது.

அக்கரைப்பற்றில் மாணாக்கர் மூவரோடு அதனைக் கேட்டேன். “சொல் அம்பாகப் பாயுது” என்றான் ஒருவன். “இது பாட்டில்ல, ஏச்சு” என்றான் மற்றவன். நெடுநேரம் வாய் திறவாதிருந்த மூன்றாமவன், “எங்கட பேச்சிலயும் பாட்டுக் கட்டலாமா, சேர்?” என வினவினான். அவனுடைய கட்டுரைகளில் அத்தகைய சொற்களையெல்லாம் சிவப்பு மையாற் கோடிட்டு வந்தவன் நான்!

என் செவியோ எதுகையையும் மோனையையும் இனங்கண்டு வியந்தது. நோன்பு இரவுகளில் சஹருக்கு எழுப்ப, பக்கீர் பாவா றபான் தட்டிப் பாடிச் சென்ற சந்தம் நினைவில் எழுந்தது. அவரை நாம் புலவர் வரிசையில் வைத்தோமா? அறிவின் பாட்டியார் நம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர் பேச்சுக்கும் நம் ஏடுகளில் இடமிருந்ததில்லை.

இலக்கணத்தைக் கைவிடேன். ஆயினும், கோடிடுமுன் அம்மாணவனின் வரியை இனி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன்.