குதிகால் வலி: நரம்பைக் கேட்டீர்களா?

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீரென்று குத்தும்; கொஞ்சம் நடந்தால் தணியும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு நைந்துபோவதால் வரும் வலி இது. 'பிளான்டார் ஃபேசியைடிஸ்' என்பார்கள் மருத்துவர்கள். கெண்டைக்காலையும் பாதத்தையும் நீட்டும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, சற்று ஓய்வு; பத்தில் எட்டுப் பேருக்கு இவற்றாலேயே ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னாலும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது.

மற்ற இருவரைப் பற்றித்தான் கவலை. பயிற்சியும் செய்து, ஸ்டீராய்டு ஊசியும் போட்டு, வலி போகாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறவர்கள் அவர்கள். வலி எரிச்சலாக இருக்கிறதா, மதமதப்பு உண்டா, நடக்க நடக்கக் கூடுகிறதா, ராத்திரி படுத்த பிறகும் விடவில்லையா என்று அவர்களிடம் விசாரிக்க வேண்டும். ஆம் என்றால் நரம்பைச் சந்தேகிக்க இடமுண்டு.

உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இறங்கும் டிபியல் நரம்பு, பாதத்துக்குள் கிளைகளாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று குதிகாலருகே இரண்டு தசைகளின் இடுக்கில் நுழைந்து, சவ்வுக்கு மேலாக வளைந்து, சுண்டுவிரல் பக்கம் போகிறது. 1980களில் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் பாக்ஸ்டரின் பெயரால் 'பாக்ஸ்டர் நரம்பு' என்கிறார்கள். அந்த இடுக்கில் அது நசுங்கினால் வருகிற வலி, சவ்வு வலியைப் போலவே இருக்கும். நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் சுண்டுவிரலை அசைக்கும் தசை மெலிந்து கொழுப்பாக மாறுவது எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

சந்தேகத்தைத் தீர்க்க நல்ல வழி ஒரு சோதனை ஊசி. மருத்துவர் அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சமாகச் செலுத்துவார். சிறிது நேரம் கழித்து நோயாளி எழுந்து நடக்க வேண்டும். வலி பெருமளவு குறைந்திருந்தால் அந்த நரம்பு வழியாகத்தான் வலி போகிறது. அப்படியே இருந்தால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும். இடுப்புப் பகுதியில் முதுகெலும்பருகே நசுங்கிய நரம்புகூடக் குதிகாலில் வலியைக் காட்டும்.

சோதனையில் தேறியவர்களுக்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ரேடியோ அலைச் சிகிச்சையில் ஊசிமுனை சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி நரம்பிழையைச் சுடுகிறது. விட்டு விட்டு அலை செலுத்தும் இன்னொரு முறையில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டாது. குளிர்ச் சிகிச்சையில், ஊசிக்குள் நைட்ரஸ் ஆக்சைடு போன்ற வாயு விரிவடையும்போது அதன் முனையில் பனி உருண்டை திரள்கிறது. உள்ளிழை செயலிழக்கும், வெளியுறை தப்பிவிடும். அந்த உறைக்குள்ளேயே நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மறுபடி வளரும். அதனால் சில மாதங்களில் வலி திரும்பவும் கூடும்.

இவற்றைப் பற்றி வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நல்ல பலன் தெரிந்தாலும் முதல் மருந்தாக இவற்றைச் சொல்ல மாட்டேன். வலி ஓய்ந்த மாதங்களில் பயிற்சியை விடாமல் செய்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு முதலில் வேண்டியது நாற்காலி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது.

சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி ஏற்கெனவே மங்கியிருந்தால், சூடான செங்கல்லில் எருக்க இலை வைத்துக் கொடுக்கும் ஒத்தடமே தெரியாமல் சுட்டுவிடும். அத்தகைய பாதத்தில் மிச்சமிருக்கும் உணர்ச்சியையும் மழுக்குவது புண்ணுக்கு வழிவிடும். நரம்பைச் சுடவோ உறையவைக்கவோ சம்மதிக்கும் முன், பாதத்தின் உணர்ச்சியைப் பரிசோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.