நாலாவது டர்னில் ஆட்டம் க்ளோஸ்: 'காம்போ'வை 'வேல்யூ' தடுப்பது எப்படி?

'மேஜிக்: தி கேதரிங்' கார்டு விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். ஜெயிக்கப் பல வழிகள் உண்டு. அதில் இரண்டு நேர் எதிரானவை.

ஒன்று, காம்போ. மூன்றாவது டர்னில் 'டிசீவர் எக்ஸார்க்' இறங்கும். நான்காவதில் அதன்மேல் 'ஸ்ப்ளின்டர் ட்வின்' கார்டைப் போட்டால், எக்ஸார்க் தன்னையே நகலெடுக்கும். வந்த நகல், மூலத்தை மறுபடி தயார்படுத்தும். இப்படியே எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். எல்லாம் சேர்ந்து அடித்தால் அவ்வளவுதான்!

மற்றொன்று, வேல்யூ. 'கிச்சன் ஃபிங்க்ஸ்' இறங்கினால் 2 உயிர் கூடும். செத்தாலும் ஒரு தடவை திரும்பி வந்து இன்னொரு 2 தரும். ஒரே கார்டில் இரண்டு கார்டின் லாபம். ஆனால், எண்ணற்ற நகல்களுக்கு முன்னால் இந்த 4 எம்மாத்திரம்?

தப்பிக்க என்ன வழி? 3 புள்ளி அடிக்கும் 'லைட்னிங் போல்ட்' மட்டும் போதாது. எக்ஸார்க் 4 தாங்கும். 'பாத் டு எக்ஸைல்' கையில் இருக்க வேண்டும். ட்வினைப் போடும் நொடியில் எக்ஸார்க்கை அகற்றினால், எதிராளிக்கு இரண்டு கார்டும் போச்சு! ஆனால், அதற்காக ஒவ்வொரு டர்னும் ஒரு மனாவை மிச்சம் பிடிக்க வேண்டும். மெதுவான டெக் இன்னும் மெதுவாகிவிடும். காம்போவின் நிஜ பலமே இந்தப் பயம்தான்.

'மாடர்ன்' முறையில் 2016 ஜனவரியில் தடை செய்யப்பட்ட ட்வின், 2024 டிசம்பரில் திரும்பி வந்தது. பொறுமையான டெக் கட்டுபவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: நாலாவது டர்னில் எதை வைத்துத் தடுப்பீர்கள்?