எண்ணும் திறமும்

திறமை வேறு, அதற்கு இடப்படும் எண் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நேரும் பிழையை ஆசிரியர்கள் நன்கு அறிவர். மோட்டார்ப் பந்தயத்திலும், அதனை ஒட்டி எழுந்த கணினி விளையாட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு.

மோட்டார்ப் பந்தயம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே, பத்து தீகாவில், 1968ஆம் ஆண்டிலேயே பந்தயத் திடல் ஒன்று அமைந்தது. பின்னர் 1999இல் சிப்பாங்கில் 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுதளம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் ஆண்டுதோறும் அங்கே நடைபெற்றது.

பந்தயத்தைப் பார்ப்பதோடு அமையாமல், பந்தயக் குழு ஒன்றை நடத்திப் பார்க்கவும் கணினி இடம் தருகிறது. 2016இல் கணினிக்கென வெளிவந்த ‘மோட்டார்ஸ்போர்ட் மேனேஜர்’ அத்தகையது. இதில் ஆடுபவர் வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார். ஓட்டுநரின் திறம் கூறு கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பிரேக் பிடித்தல், வளைவில் செலுத்துதல், முந்துதல், சூழலுக்கு இசைதல், உடலுரம், கவனம் முதலிய ஒவ்வொன்றுக்கும் 20க்கு இத்தனை என்று எண் உண்டு. அவற்றின் திரட்டு ஐந்து விண்மீன்கள் என்னும் அளவில் காட்டப்படும்.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று உண்டு. விண்மீன்கள் இருவகை: ஒன்று இன்றுள்ள திறத்தைக் காட்டும், மற்றொன்று எட்டக்கூடிய எல்லையைக் காட்டும். பத்தொன்பது வயது இளைஞன் இன்று இரண்டு விண்மீன் பெற்றிருந்தாலும் நான்கு வரை வளரக்கூடும். முப்பத்தைந்து வயதுடையவர் மூன்று பெற்றிருந்தாலும் இறங்குமுகத்தில் இருக்கலாம். இன்றைய எண்ணை மட்டும் காண்பவர் இளைஞனை ஒதுக்கிவிடுவார். எல்லை உயர்ந்திருப்பதனாலேயே ஒருவன் அதனை எட்டிவிடுவான் என்பதும் இல்லை. அது வாய்ப்பு மட்டுமே.

விளையாட்டில் இவ்வெண்களை அதனை அமைத்தவர்களே இட்டுவிடுகின்றனர். மெய்யுலகில் அவ்வாறன்று, பந்தய முடிவுகளிலிருந்து திறத்தை உய்த்துணர வேண்டும். இடர் அங்கேதான் தோன்றுகிறது.

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். அதில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அவர் சேர்ந்த ஜோர்டான் குழுவின் வண்டி விரைவில் பின்தங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் சிப்பாங்கில் அவர் 11ஆவதாக வந்தார். அன்று முதல் எட்டு இடங்களுக்கே புள்ளி வழங்கப்பட்டது. ஆகவே அவர் பெற்றது 0. ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் 4ஆவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஏட்டை மட்டும் படிப்பவர், மூன்றே மாதத்தில் பெருவளர்ச்சி என்பார். உண்மையில், அன்று டயர்களின் பாதுகாப்புப் பற்றிய ஐயத்தால் 14 வண்டிகள் விலகிக்கொண்டன, ஓடியவை ஆறே.

ஓட்டுநரையும் வண்டியையும் பிரித்தறிய, ஒரே குழுவின் இரு ஓட்டுநரை ஒப்பிடுவது சிறந்த வழி. நரேனின் தோழர் போர்த்துகல் நாட்டுத் தியாகோ மொந்தேரோ. சிப்பாங்கில் மொந்தேரோ 12ஆவது. நரேன் அவரை முந்தினார். இண்டியானாபோலிஸிலோ மொந்தேரோ 3ஆவது. நரேன் அவருக்குப் பின்னால். புள்ளி பெறாத நாளில் தோழரை வென்றார். புள்ளி பெற்ற நாளில் தோழருக்குத் தோற்றார்! இரண்டு பந்தயங்களைக் கொண்டு இருவருள் வல்லவர் யாரென முடிவு கட்டலாகாது. ஆனால் புள்ளி மட்டும் திறத்தின் அளவாகாது என்பதற்கு இவை போதும்.

எனவே எண்ணைக் கண்டவுடன் மூன்று வினாக்கள் எழ வேண்டும். யாரோடு போட்டியிட்டுப் பெற்றது? எக்கருவியைக் கொண்டு பெற்றது? பெற்றவர் இன்னும் வளரும் நிலையினரா? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாணவரின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடும் ஆசிரியர்க்கும் இவ்வினாக்கள் பயன்படும். வீட்டில் படிக்க இடமும் விளக்கும் இல்லாத சிறுவன் பெற்ற 40 மதிப்பெண்ணும், எல்லா வசதியும் உடையவன் பெற்ற 40 மதிப்பெண்ணும் ஏட்டில் ஒன்றே, திறத்தில் ஒன்றல்ல.