இடம் மாறிய கோழி எப்போது முட்டை இடும்?



சந்தையிலே நல்ல முட்டைக்கோழி என்று பார்த்து நாலு கோழி வாங்கி வருகிறோம். வந்த அன்றைக்கே ஒன்று முட்டை இடுகிறது. மறுநாள் இன்னொன்று. சரி, கொடுத்த காசு வீண் போகவில்லை என்று சந்தோஷப்படுகிறோம். மூணாம் நாளிலிருந்து முட்டையைக் காணோம். ஒரு வாரம் பார்க்கிறோம், பத்து நாள் பார்க்கிறோம். "விற்றவன் ஏமாற்றிவிட்டான்" என்று ஆத்திரப்பட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் குழம்பு வைத்துவிடுகிறோம். அறுத்தால் உள்ளே பெரிசும் சிறிசுமாக மஞ்சள் கரு, திராட்சைக் கொத்து மாதிரி இருக்கிறது. இன்னும் நாலைந்து நாள் பொறுத்திருந்தால் வரிசையாக முட்டை வந்திருக்கும். முட்டைக்கோழி விலை கொடுத்து வாங்கினது கறிக்கோழியாய்ப் போனதுதான் மிச்சம்.

இடம் மாறின கோழி முட்டையை நிறுத்துவது பெரும்பாலும் ஏமாற்றும் இல்லை, நோயும் இல்லை. அது அதன் உடம்புக் கணக்கு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் எத்தனை நாள் பொறுப்பது என்று நமக்கே விளங்கிவிடும்.

கோழியின் சினைப்பையிலே மஞ்சள் கருக்கள் ஒன்றுக்கு ஒன்று சின்னதாக வரிசையாய் வளருகின்றன. கடுகு போல இருக்கிற கரு முழுசாக முற்றுவதற்குக் கடைசியாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். முற்றிய கரு முட்டைக் குழாயில் விழுந்து, வெள்ளைக் கரு சேர்ந்து, ஓடு கட்டி வெளியே வர சுமார் 25 மணி நேரம். ஓடு கட்டுவதற்கு மட்டுமே அதிலே 20 மணி நேரம் போய்விடுகிறது. கோழி கடுமையாகப் பயந்தாலோ, தீனி தண்ணீர் இல்லாமல் வாடினாலோ, வளர்ந்துகொண்டிருக்கிற கருக்களை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கெனவே முற்றி இறங்கினது மட்டும் வெளியே வரும். வந்த அன்றைக்கும் மறுநாளும் கிடைத்தது அந்த முட்டைதான். அது பழைய வீட்டுத் தீனியில் உண்டான முட்டை.

ஆகவே, புது இடத்திலே கோழிக்குப் பயம் தெளிந்து, வயிறு நிறைய மேய்ந்து, உடம்பு தேறினதற்குப் பிறகு புதுக் கரு வளர ஒரு வாரம் பத்து நாள் வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் முதல் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இடுகிற கோழியும் உண்டு. ஒரு மாதம் இழுக்கிற கோழியும் உண்டு.

இந்த நாளைக் குறைப்பது நம்ம கையிலே இருக்கிறது. காலைக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு, உச்சி வெயிலில் பத்து மைல் கொண்டு வந்தால் அந்தக் கோழி சீக்கிரம் தேறாது. காற்றோட்டமான கூடையில் வைத்து, காலையிலோ சாயங்காலமோ கொண்டு வாருங்கள். வந்ததும் முதலில் வைக்க வேண்டியது தண்ணீர், தீனி அப்புறம்தான். முட்டையிலே முக்கால் பங்கு தண்ணீர்தானே! ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போனால்கூட முட்டை குறைந்துவிடும். அது முன்னே எதைத் தின்று பழகியதோ அதையே முதல் வாரம் கொடுத்து, மெதுவாக நம்ம வீட்டுத் தீனிக்கு மாற்றுங்கள். வெறும் குருணையும் தவிடும் போதாது. கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கோ கருவாட்டுத் தூளோ சேருங்கள். ஓட்டுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சிரட்டையில் வைத்துவிட்டால் வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

வந்த அன்றைக்கே நம்ம கோழிகளோடு சேர்த்து விடாதீர்கள். இதை இரண்டு காரணத்துக்காகச் சொல்கிறேன். முதலாவது வெள்ளைக் கழிச்சல். சந்தைக் கோழி பார்வைக்கு நன்றாக இருக்கும். நோய் உள்ளே இருந்து, சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்குள் வீட்டிலுள்ள இருபது கோழியும் போய்விடும். மூன்று வாரம் தள்ளி வேறு இடத்தில் அடையுங்கள். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகுதான் புதுக் கோழியிடம் போக வேண்டும். பழைய கோழிகளுக்குத் தடுப்பூசி போடவில்லையானால், புதுசு வாங்குவதற்கு முன்னாலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். முட்டை நிற்கிற காலமும் ஏறக்குறைய அதே மூன்று வாரம்தானே, தனியே அடைத்ததால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது காரணம் சண்டை. கோழிக் கூட்டத்திலே யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே 1920-களிலேயே இதை எழுதி வைத்தார். நம்ம ஊர்ப் பாட்டிமாருக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! புதுசாக ஒரு கோழி வந்தால் அந்த வரிசை கலைந்துபோகும். புதுக் கோழி கொத்துப்பட்டு, தீனிப் பக்கம் வராமல் மூலையில் ஒடுங்கும். முட்டைக்கு எங்கே போகும்? அதனால் மூன்று வாரம் முடிந்ததும், ஒரு வாரம் பகலிலே புதுக் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மற்றவை பக்கத்தில் மேய விடுங்கள். முகம் பழகட்டும். பிறகு ஒரு நாள் இருட்டின பிறகு கூண்டிலே சேர்த்து விடுங்கள். ஒற்றைக் கோழியாக விடாமல் இரண்டு மூன்றாக விட்டால் கொத்து பகிர்ந்து போகும். தீனி, தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கட்டும். சேர்த்த பிறகு மறுபடியும் சில நாள் முட்டை தடைபடலாம், கவலைப்பட வேண்டாம்.

கோழி முட்டைக்குத் தயாராகிறதா என்று கையாலேயே பார்க்கலாமுங்க. எச்சத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு நுனி தட்டுப்படும். அவற்றுக்கு நடுவிலே இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிற கோழி. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இப்போது முட்டை இல்லை. கொண்டை சிவந்து, துவாரம் அகன்று ஈரமாக இருந்தால் முட்டை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். சந்தையில் வாங்கும்போதே இப்படிப் பார்த்து வாங்கினால் பிற்பாடு யாரையும் திட்ட வேண்டியதில்லை.

இறகு உதிர்க்கத் தொடங்கிய கோழிக்கு இந்த மூன்று வாரக் கணக்கு பொருந்தாது. புது இறகு முளைத்து முடிய இரண்டு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். பண்ணையில் கழித்துவிட்ட வெள்ளைக் கோழியை மலிவாக வாங்குகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பண்ணையிலே விளக்குப் போட்டு நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுத்திருப்பார்கள். நம்ம வாசலில் மார்கழி மாதத்தில் பகல் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. வெளிச்சம் குறைந்ததும் அது முட்டையை நிறுத்தி இறகையும் உதிர்க்கும். வயதும் ஆகியிருக்கும். அதை முட்டைக்கு நம்பி வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, முட்டை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் வைக்கோல் போர் அடியையும் வேலிப் புதரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். புது இடத்தில் கோழிக்கு நம்ம அடைப்பெட்டி தெரியாது, தனக்குப் பிடித்த மறைவில் இட்டு வைக்கும். கோழி கேறிக்கொண்டு வருகிறது, பெட்டியில் முட்டை இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். பத்து மணி வரைக்கும் வெளியே விடாமல் அடைத்து, பெட்டியில் ஒரு கூமுட்டையை அடையாளமாக வைத்தால் நாலைந்து நாளில் பழகிக்கொள்ளும்.

ஆறு வாரம் ஆகியும் எலும்பு இடைவெளி ஒரு விரலிலேயே நிற்கிறது, இறகும் உதிர்க்கவில்லை, அடையும் படுக்கவில்லை என்றால் அந்தக் கோழியைத் தாராளமாக விற்றுவிடலாம்.

திரும்ப இடத் தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று முட்டை சிறுத்தும் ஓடு மெலிந்தும் இருக்கலாம். வீட்டுக்குச் சமைத்துக்கொள்ளுங்கள், அடைக்கு வேண்டாம். உங்கள் சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்றால், கோழிகளை ஒன்றாகச் சேர்த்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து இட்ட முட்டைகளை எடுத்து அடை வையுங்கள். பழைய இடத்துச் சேவலின் விந்து இரண்டு வாரம் வரைக்கும்கூடப் பெட்டையின் உடம்பிலே தங்கியிருக்கும்.