சிப்ஸ் பாக்கெட்டின் பளபளப்பு

சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் உட்புறம் வெள்ளி போல மின்னும். பெரும்பாலும் அது தனியாக ஒட்டிய தகடு அல்ல. பிளாஸ்டிக் ஃபிலிம் மேல் படிந்த அலுமினிய ஆவி.

பாலிபுரொப்பிலீனை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள ஃபிலிமாக்குகிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஃபிலிம் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஆக்ஸிஜன் புகுந்துவிடும். அதற்குத்தான் அலுமினியம். காற்றை வெளியேற்றிய அறைக்குள் உலோகத்தை ஆவியாக்கி, ஓடும் ஃபிலிம் மேல் படிய விடுகிறார்கள். பூச்சின் கனம் 0.1 மைக்ரானைக்கூட எட்டுவதில்லை! உள்ளே நைட்ரஜனையும் நிரப்பிவிடுவதால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை, சிப்ஸும் நொறுங்குவதில்லை.

இத்தனை திறமைக்கும் ஒரு விலை உண்டு. அச்சிட்ட ஃபிலிமும் உலோகம் பூசிய ஃபிலிமும் ஒட்டியிருப்பதால் அடுக்குகளைப் பிரிப்பது கடினம். மறுசுழற்சி செய்பவர்கள் இந்த உறைகளை விரும்புவதில்லை.

பால் பாக்கெட் அப்படியல்ல. பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற ஒரே வகைப் பொருள்தான். கழுவி, உருக்கி, மீண்டும் குருணையாக்கலாம். மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஓரத்தில் கீறி ஊற்றினால் அந்தச் சின்னத் துணுக்கும் உறையோடு சேர்ந்தே பழைய பொருள் கடைக்குப் போய்ச் சேரும்.