சிவப்பு அடையாளமும் தவறும் பரிசோதனைகளும்

இரத்த அழுத்தம் 140/90 அளவைத் தொட்டவர்கள், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே இறங்கியவர்கள், கர்ப்பகால நீரிழிவு கண்டவர்கள், முன்பே அறுவை முறையில் பிள்ளை பெற்றவர்கள், இரட்டைக் கரு தாங்கியவர்கள் ஆகியோர் அதிக ஆபத்துள்ள கர்ப்பிணிகள் எனப்படுகின்றனர். மாதந்தோறும் 9ஆம் தேதி இலவசப் பரிசோதனை நடத்தும் மத்திய அரசின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016இல் தொடங்கியபோது, இத்தகையோரின் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் வந்தது. அடிக்கடி வரவேண்டியவர் யார் என்பதை அது காட்டுகிறதே தவிர, வருவதற்கான வழியைத் திறப்பதில்லை.

ஆபத்து எனக் குறித்தவுடன், உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு முடிந்திருக்க வேண்டிய பரிசோதனை தொலைவிலுள்ள அரசு மருத்துவமனை வரை நீள்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், ஸ்கேனுக்கு ஒரு நாள், நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்ற வேறு சில நாள், 75 கிராம் குளுக்கோஸ் குடித்தபின் இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்று சேரும்போது, கூலி வேலைக்குப் போகும் பெண் இழப்பது பேருந்துக் கட்டணத்தை அல்ல, நாள் சம்பளத்தை. துணைக்கு வரும் கணவரின் சம்பளமும் பல வேளைகளில் அதோடு போகிறது.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரும்பாலும் வலி தருவதில்லை என்பதால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டார் கேட்பதில் வியப்பில்லை. இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கலும் குமட்டலும் வந்து அதை நிறுத்திவிட்ட பெண், மாத்திரை சாப்பிடவில்லையா என்ற அதட்டலுக்கு அஞ்சி அடுத்த பரிசோதனையையே தவிர்ப்பதும் உண்டு. இதை அலட்சியம் என்று பதிவேட்டில் எழுதுவது எளிது.

பரிசோதனை தவறுவதற்கு அதிகம் பேசப்படாத காரணம் தாய்வீட்டுப் பயணம். ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் கூடுதலாகத் தலைகாட்டும் கடைசி மாதங்களோடு மோதுகிறது. நெருக்கமான கண்காணிப்பு தேவைப்படும் அந்த வேளையில், கர்ப்பிணியை அறிந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஓர் ஊரிலும் கர்ப்பிணி வேறோர் ஊரிலும் இருக்க நேர்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண் வழியே பதிவுகள் கணினியில் தொடரலாம். ஆனால் பதிவில் உள்ள கைப்பேசி எண் கணவருடையதாக இருந்தால், நினைவூட்டல் அவர் வேலை செய்யும் இடத்தில்தான் ஒலிக்கும்.

2022இல் மத்தியத் திட்டம் விரிவாக்கப்பட்டு, ஆபத்துள்ள ஒவ்வொருவரையும் பெயர் வாரியாகத் தொடரவும், ஆஷா எனும் சமூக சுகாதாரப் பணியாளர் துணையோடு கூடுதலாக மூன்று முறை பரிசோதிக்கவும் வகை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளிலேயே உள்ளதால், சமவெளியில் அந்தப் பொறுப்பு, ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்றாக அமையும் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் மீதே விழுகிறது. தடுப்பூசிப் பணியும் அவருடையதே என்பதால், ஒருவரோடு மருத்துவமனைக்குப் போனால் அன்று மற்றவர்களைப் பார்க்க அவரால் இயலாது.